போன் தெரியவில்லை, குரல் பதியவில்லை: லினக்ஸ் கணினியில் பிழை தேடும் வரிசை

மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு கூத்துப் பழக்கத்தை (ஒத்திகையை) இரவில் போனில் ஒலிப்பதிவு செய்து, மறுநாள் காலையில் கல்லடியில் உள்ள வீட்டுக்கு வந்து அந்தப் போனை லினக்ஸ் கணினியில் இணைக்கிறோம். திரையில் ஒன்றுமே தோன்றவில்லை. இன்னொரு நாள் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரையே வீட்டுக்கு அழைத்து, கணினியில் ஒலிவாங்கியைப் பொருத்தி, அரை மணி நேரம் பாடவைத்த பிறகு பார்த்தால், பதிவில் நேர்கோடு ஒன்று மட்டுமே இருக்கிறது. இந்த இரண்டு அனுபவங்களில் ஒன்றேனும் கிடைத்தவர்கள் பலர், "லினக்ஸில் இதெல்லாம் சரிவராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டு கோளாறுகளும் பார்வைக்கு வேறானவை என்றாலும் அவற்றைத் தேடிப் பிடிக்கும் முறை ஒன்றுதான். அதைத் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்காக இங்கே விளக்க முயல்கிறேன்.

அம்பாறைப் பக்கத்து வயற்காரர்களுக்கு இந்த முறை புதிதல்ல. சேனாநாயக்க சமுத்திரத்தில் நீர் நிறைந்திருக்கும்போதும் தன் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், அவர் குளத்தைக் குறை சொல்வதில்லை. நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையாரிடம் முறையிடப் போகுமுன், வாய்க்கால் வரம்பில் நடந்துபோய், எந்த மதகு வரை நீர் வந்திருக்கிறது, எதற்குப் பின் வரவில்லை என்று பார்க்கிறார். கணினியிலும் போனின் கோப்போ, ஒலிவாங்கியின் குரலோ நம் கண்ணுக்கு எட்டுமுன் நான்கு மதகுகளைக் கடக்கிறது. முதலாவது, கேபிளும் துளையும் போன்ற கைக்குத் தட்டுப்படும் பொருள்கள். இரண்டாவது, வன்பொருளோடு நேரடியாகப் பேசும், லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல். மூன்றாவது, கேர்னல் தருவதை வாங்கிப் பல செயலிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் இடைநிலைச் சேவை. நான்காவது, நாம் திறந்து வைத்திருக்கும் செயலி. பெரும்பாலோர் நான்காவதில் தொடங்கி, அதை நீக்கி, மீண்டும் நிறுவி, நாளைக் கழிக்கிறார்கள். கோளாறோ அநேகமாக முதலாவதிலோ மூன்றாவதிலோ இருக்கும்.

போனில் இருந்து தொடங்குவோம். யு.எஸ்.பி. 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. மலிவாகக் கிடைக்கும் சில கேபிள்களில் தரவுக் கம்பிகள் இரண்டும் இருப்பதில்லை. அப்படியான கேபிளில் போன் நன்றாகவே சார்ஜ் ஆகும். அதனாலேயே கேபிள் மீது யாருக்கும் சந்தேகம் வராது. சார்ஜ் ஆகிறது என்பது கேபிள் நல்லது என்பதற்குச் சான்று அல்ல. வேறொரு கணினியிலாவது கோப்பு மாற்றிப் பார்த்த கேபிள் ஒன்றை அடையாளம் கட்டித் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. போனின் துளைக்குள் சட்டைப் பையின் பஞ்சு அடைந்து, பிளக் முழுவதும் உள்ளே போகாமல் இருப்பதும் உண்டு. மரப் பற்குச்சியால் மெதுவாக எடுத்துவிடலாம்.

அடுத்து, கேர்னல் போனைக் கண்டதா என்று கேட்க வேண்டும். கட்டளைகளைத் தட்டெழுதும் முனையத்தை (டெர்மினல்) திறந்து, 'எல்எஸ்யுஎஸ்பி' (lsusb) என்னும் ஐந்து ஆங்கிலச் சிறிய எழுத்துகளை இடைவெளி இல்லாமல் தட்டெழுதி அழுத்தினால், கணினியோடு இணைந்துள்ள யு.எஸ்.பி. சாதனங்கள் எல்லாம் வரிவரியாக வரும். போனை இணைக்குமுன் ஒருமுறையும் இணைத்த பின் ஒருமுறையும் இதைச் செய்து, புதிதாக ஒரு வரி கூடியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கூடவில்லை என்றால் கோளாறு கேபிளிலோ துளையிலோ இருக்கிறது. எந்த மென்பொருளை நிறுவினாலும் பயன் இல்லை. கூடியிருந்தால் கேபிளைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு மேலே போகலாம். இந்த ஒரு சோதனை, தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

வரி வந்தும் கோப்புகள் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் போன் தன் கதவைத் திறக்கவில்லை என்றே பொருள். அன்ட்ரொய்ட் போன்கள் கணினியோடு இணைந்தவுடன், பாதுகாப்புக் கருதி, 'சார்ஜ் மட்டும்' என்ற நிலையில்தான் இருக்கும். போனின் பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்புப் பட்டியை இழுத்து, யு.எஸ்.பி. பற்றிய அறிவிப்பைத் தொட்டு, 'பைல் ட்ரான்ஸ்பர்' என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். அதே பட்டியலில் படங்களுக்கான 'பி.டி.பி.' என்ற தெரிவும் இருக்கும். தவறி அதைத் தொட்டவர்களுக்குப் படங்களின் கோப்புறைகள் மட்டும் தெரியும், ஒலிப்பதிவுகள் தெரியா. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இதே இடத்தில் 'இந்தக் கணினியை நம்பலாமா' என்ற கேள்வி வரும். அதற்கு ஆம் என்று சொல்லாதவரை லினக்ஸால் அதன் உள்ளே போக முடியாது.

கதவைத் தட்ட வேண்டிய நேரத்தில் தட்ட வேண்டும் என்பது பழைய பாடம். போன்களுக்கு முன் பாம் என்ற கையடக்கக் கருவிகள் இருந்த காலத்தில், அவற்றின் யு.எஸ்.பி. மாதிரிகள் பல, ஒத்திசைவுப் பொத்தானை அழுத்திய பிறகுதான் கணினியின் கண்ணுக்கே தெரியும். பொத்தானை அழுத்துமுன் தேடிவிட்டு, 'கருவியே இல்லை' என்று அலுத்துக்கொண்டவர்கள் அன்றும் இருந்தார்கள்.

இனி இடைநிலைச் சேவை. முன்பெல்லாம் அன்ட்ரொய்ட் போன்கள் தம் நினைவக அட்டையை ஒரு பென் டிரைவ் போலக் கணினியிடம் ஒப்படைத்துவிடும். ஒரே வட்டில் போனும் கணினியும் ஒரே நேரத்தில் எழுதினால் கோப்பு முறை சிதைந்துவிடும் என்பதால், அந்த நேரத்தில் போனால் அட்டையைப் பயன்படுத்த முடியாது. இந்த இடைஞ்சலைத் தவிர்க்க, 2011 அளவில் இருந்து அன்ட்ரொய்ட் எம்.டி.பி. என்ற நெறிமுறைக்கு மாறியது. மைக்ரோசொப்ட் உருவாக்கிய இந்த நெறிமுறையில், கணினி வட்டைத் தொடுவதில்லை. 'இந்தக் கோப்பைத் தா', 'இதை வைத்துக்கொள்' என்று போனிடம் கேட்கிறது, போன் எடுத்துக் கொடுக்கிறது. கடையில் நாமே உள்ளே போய் எடுப்பதற்கும், கடைக்காரரிடம் கேட்டு வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு இது.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால், புதிராகத் தோன்றும் மூன்று கோளாறுகள் தாமாகவே அவிழ்ந்துவிடும். ஒன்று, இரவு பதிந்த கோப்பு போனில் ஓடுகிறது, கணினியில் மட்டும் தெரியவில்லை. போன் தன் கையிருப்புப் பட்டியலைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறது; புதிய பதிவு இன்னும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. போனை ஒருமுறை நிறுத்தி இயக்கினால் பட்டியல் புதுப்பிக்கப்படும். இரண்டு, போனில் இருக்கும் கோப்பை ஓடாசிட்டி போன்ற ஒலித் தொகுப்புச் செயலியில் நேரடியாகத் திறந்தால் செயலி உறைந்துபோகிறது. ஒலித் தொகுப்பான், கோப்பின் நடுவிலும் முடிவிலும் தாவித் தாவிப் படிக்க விரும்பும்; எம்.டி.பி. அதற்கு ஏற்றதல்ல. எப்போதும் முதலில் கணினிக்குப் பிரதி எடுத்து, பிறகு திறக்க வேண்டும். மூன்று, 'சாதனம் வேறு வேலையில் உள்ளது' என்ற செய்தி. எம்.டி.பி. வழியில் போன் ஒரு நேரத்தில் ஒரு செயலிக்குத்தான் பதில் சொல்லும். படங்களை இறக்கும் செயலி ஒன்று தானாகவே திறந்து போனைப் பிடித்துக்கொண்டிருந்தால், கோப்பு மேலாளர் வெளியே காத்து நிற்கும். அதை மூடிவிட்டு, கேபிளைக் கழற்றி மீண்டும் மாட்டினால் போதும்.

பிரதி எடுத்த கோப்பைச் செயலி திறக்க மறுப்பதும் உண்டு. போனின் ஒலிப்பதிவான்கள் பெரும்பாலும் எம்4ஏ வடிவில் சேமிக்கின்றன. லினக்ஸில் ஓடாசிட்டி அதைப் படிக்க எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற மென்பொருள் நூலகம் கணினியில் இருக்க வேண்டும். அதை நிறுவியவுடன் இந்தப் பிணக்குத் தீர்ந்துவிடும்.

கேபிளே வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு வழிகள் பிரபலம்: கேடிஈ கனெக்ட், சிங்திங். இரண்டும் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே கோப்பை அனுப்பிவிடும். இணைய டேட்டா செலவாகாது. கேடிஈ கனெக்ட் 1714 முதல் 1764 வரையிலான துறைகளை (போர்ட்) பயன்படுத்துகிறது. கணினியில் தீச்சுவர் (ஃபயர்வோல்) இயங்கினால் அவற்றைத் திறந்துவிட வேண்டும். ஆனால் நான் பார்த்த அளவில், தீச்சுவரை விட அதிகமாகக் குறுக்கே நிற்பது ரவுட்டர்தான். விருந்தினருக்கான வைஃபை இணைப்பிலும் அலுவலக வைஃபையிலும், ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்காதபடி தடுத்து வைத்திருப்பார்கள். அங்கே இரண்டு கருவிகளும் இணையத்தில் இருக்கும், ஒன்றையொன்று மட்டும் அறியா. போனின் ஹொட்ஸ்பொட்டை இயக்கி, மடிக்கணினியை அதில் சேர்த்துவிட்டால், அந்தத் தடுப்பு பெரும்பாலும் விலகிவிடும்.

ஒத்திசைவு என்ற சொல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை தேவை. பிரதி எடுப்பது வேறு, ஒத்திசைப்பது வேறு. பிரதி ஒரு வழிப் பயணம். ஒத்திசைவோ இரண்டு பக்கங்களையும் எப்போதும் ஒன்றுபோல வைத்திருப்பது. ஒரு பக்கத்தில் அழித்தால் மறுபக்கத்திலும் அழியும். நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். போனில் இடம் போதவில்லை என்று, கணினியில்தான் இருக்கிறதே என்ற நம்பிக்கையில், ஒரு வசந்தன் கூத்தின் பதிவுகளைப் போனில் இருந்து அழித்தேன். வீட்டுக்கு வந்து வைஃபையில் சேர்ந்த அடுத்த நிமிடமே கணினியும் கீழ்ப்படிந்து அவற்றை அழித்துவிட்டது. மென்பொருள் தன் வேலையைச் சரியாகவே செய்தது. சிங்திங்கில் கோப்புறை ஒவ்வொன்றுக்கும் 'வேர்ஷனிங்' என்ற அமைப்பு உண்டு. அதைக் கணினிப் பக்கத்தில் இயக்கி வைத்தால், போனில் இருந்து வரும் அழிப்புக் கட்டளை கோப்பை ஒதுக்குப் புறமாக நகர்த்தி வைக்குமே தவிர, தூக்கி எறியாது. பாதுகாத்து வைக்க வேண்டிய பதிவு என்றால், நான் இப்போது கேபிளில் பிரதி எடுப்பதையே விரும்புகிறேன்.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்கள் சந்திக்கக்கூடிய விநோதம் ஒன்றும் உண்டு. 'கொம்புமுறி' என்ற பெயரில் வரும் 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக இட்டும் அதே வடிவத்தைப் பெறலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு இரண்டு பெயர்கள். ஒரே கோப்புறையில் ஒரே பெயருடன் இரண்டு கோப்புகள் இருப்பதைப் பார்த்துத் திகைத்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். சிங்திங் இப்படியான பெயர்களைத் தானே ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். வேறு கருவிகள் எல்லாம் அப்படிச் செய்வதில்லை. ஒரே விசைப்பலகையால் தட்டெழுதுவது எளிய காப்பு.

கணினியிலேயே ஒலிப்பதிவு செய்வதில் மதகுகள் அதே நான்குதான், சிக்கல் மட்டும் கொஞ்சம் கூடுதல். முதலில் பிளக். போனோடு பயன்படுத்தும் ஹெட்செட்டின் பிளக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். அதாவது நான்கு தொடுமுனைகள், அவற்றில் ஒன்று ஒலிவாங்கிக்கு உரியது. மேசைக் கணினியில் பச்சைத் துளை கேட்பதற்கும், இளஞ்சிவப்புத் துளை ஒலிவாங்கிக்கும் எனத் தனித்தனியாக இருக்கும். அந்த நான்கு முனைப் பிளக்கை இவற்றில் எதில் செருகினாலும் குரல் முறையாகப் பதியாது. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சிறிய இணைப்பி ஒன்று வேண்டும். மடிக்கணினிகளில் ஒரே துளை இரண்டுக்கும் பொதுவாக இருக்கும். அதில் செருகியவுடன், 'நீங்கள் செருகியது ஹெட்போனா, ஹெட்செட்டா, ஒலிவாங்கியா' என்று கணினி கேட்கக்கூடும். அவசரத்தில் ஹெட்போன் என்று சொல்லிவிட்டால், ஒலிவாங்கி அன்று முழுவதும் ஊமையாகவே இருக்கும்.

கேர்னலிடம் கேட்பதற்கு 'ஏரெக்கோர்ட்' (arecord) என்ற கட்டளை உண்டு. அதனோடு ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் 'எல்' என்ற ஆங்கிலச் சிறிய எழுத்தும் சேர்த்தால், ஒலி பதியக்கூடிய வன்பொருள்களின் பட்டியல் வரும். அதில் உங்கள் ஒலிவாங்கிக்கு உரிய ஒலி அட்டை இருந்தால், அடுத்து 'அல்சாமிக்சர்' (alsamixer) என்பதைத் திறந்து, எஃப்6 விசையால் சரியான அட்டையைத் தெரிவு செய்து, எஃப்4 விசையால் பதிவுப் பக்கத்துக்குப் போய், பதிவு இயக்கப்பட்டிருக்கிறதா, அளவு அடிமட்டத்தில் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடைவெளி விசை பதிவை இயக்கும்.

இங்கே கொஞ்சம் வரலாறும் பயன்படும், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் அறிவுரை எந்த ஆண்டுக்கு உரியது என்று தெரியாமல் பின்பற்றினால், சரியாக இருந்ததும் கெட்டுவிடும். 2003 இறுதியில் வெளிவந்த 2.6 கேர்னலில் இருந்து, ஒலி வன்பொருளோடு பேசும் பொறுப்பு அல்சா என்ற கேர்னல் பகுதியிடம் இருக்கிறது. அதற்கு மேலே பகிர்ந்தளிப்பவராக, பல்ஸ்ஓடியோ 2008 அளவில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் வந்து சேர்ந்தது. இப்போது அந்த இடத்தில் பைப்வயர் அமர்ந்துவிட்டது. பெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகை 2021 இலும், உபுண்டு 2022 இலும் அதற்கு மாறின. 'பல்ஸ்ஓடியோவை நீக்கிவிடு' என்று சொல்லும் பழைய அறிவுரையை இன்றைய கணினியில் நிறைவேற்றப் போனால், இல்லாத ஆளை வீட்டை விட்டுத் துரத்துவதாகவே முடியும். பல்ஸ்ஓடியோவுக்காக எழுதப்பட்ட 'பாவுகொன்ட்ரோல்' (pavucontrol) என்ற கட்டுப்பாட்டுப் பலகை மட்டும் பைப்வயரிலும் அப்படியே வேலை செய்வது நமக்கு வசதி.

அந்தப் பலகையில் 'ரெக்கோர்டிங்' என்று ஒரு பக்கம் உண்டு. தொடக்கநிலையாளர்கள் அதைத் திறந்து, வெறுமையாக இருப்பதைக் கண்டு மூடிவிடுகிறார்கள். ஏதாவது ஒரு செயலி பதிந்துகொண்டிருக்கும்போது மட்டுமே அங்கே வரி தோன்றும். எனவே ஓடாசிட்டியில் பதிவைத் தொடங்கி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்தப் பக்கத்துக்கு வந்து, அது எந்த மூலத்தில் இருந்து கேட்கிறது என்று பாருங்கள். 'மொனிட்டர்' என்று தொடங்கும் பெயர் அங்கே இருந்தால், செயலி ஒலிவாங்கியைக் கேட்கவில்லை. கணினியின் ஒலிபெருக்கிக்குப் போகும் ஒலியையே பதிந்துகொண்டிருக்கிறது. நேர்கோட்டுப் பதிவுகளுக்கு நான் அதிகம் கண்ட காரணம் இதுதான். அந்த இடத்திலேயே மூலத்தை மாற்றினால், பதிவை நிறுத்தாமலே அலை எழுவதைக் காணலாம். ஓடாசிட்டியின் சொந்தப் பட்டியலிலும், வன்பொருளின் பெயரை நேரடியாகத் தெரிவு செய்யாமல் 'டிஃபோல்ட்' என்பதை வைத்துக்கொண்டால், பகிர்ந்தளிப்பவரோடு மோதல் வராது.

புளூடூத் ஹெட்செட்டில் பதிபவர்கள், குரல் பதிகிறது, ஆனால் பழைய தொலைபேசி போல ஒலிக்கிறது என்று குறைப்படுவார்கள். பாட்டுக் கேட்கும்போது அந்தக் கருவி ஒரு முறையில் இயங்குகிறது. ஒலிவாங்கியைத் திறந்தவுடன் அழைப்புக்கான முறைக்கு மாறி, வழக்கமாக நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளோடு நின்றுவிடுகிறது. இசைத்தட்டின் தரம் 44,100. இதற்குப் பரிகாரம் தேடிக் களைக்க வேண்டாம். கூத்துப் பாட்டுக்குக் கம்பியுள்ள ஒலிவாங்கியே ஏற்றது.

இன்னொன்று அரிது, ஆனால் வந்தால் மண்டையைக் குடையும். சில மடிக்கணினிகளின் உள் ஒலிவாங்கியில் இடது, வலது இரண்டு தடங்களும் ஒன்றுக்கொன்று தலைகீழான அலைகளாகப் பதியும். தனித்தனியாகக் கேட்டால் குரல் தெளிவாக இருக்கும். ஒற்றைத் தடமாகச் சேர்த்தவுடன் ஒன்றையொன்று விழுங்கி, மௌனமே மிஞ்சும். இரட்டைத் தடத்தில் பதிந்து, அலைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்று மேலே போகுமிடத்தில் மற்றது கீழே போனால், ஒரு தடத்தை அழித்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அலை எழுந்துவிட்டால் மிச்சம் அளவுதான். பாடகரின் குரலுக்கு அளவு வைத்துவிட்டு, மத்தளமும் சல்லரியும் சேரும்போது அலையின் தலை வெட்டுப்படுவது நமது பதிவுகளில் வழக்கமான குறை. வெட்டுப்பட்ட பகுதியை எந்தச் செயலியாலும் முழுமையாக மீட்க முடியாது. மத்தளத்தை உச்சத்தில் அடிக்கச் சொல்லி, அப்போது அளவுகோல் கழித்தல் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்துக்கொள்ள வேண்டும். அல்சாமிக்சரில் உள்ள 'பூஸ்ட்' குரலோடு இரைச்சலையும் சேர்த்தே உயர்த்துவதால், அதை முடிந்தவரை அடியிலேயே விடுவது நல்லது. பதிவு முழுவதும் அடித்தொண்டையில் ஓர் உறுமல் ஓடினால், மின்விசிறியைச் சந்தேகிக்குமுன் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நமது மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் அதிர்வு அந்த வழியாக ஒலிவாங்கிக்குள் புகுவதுண்டு.

விடிய விடிய ஆடும் கூத்தை ஒரே கோப்பாகப் பதிய நினைப்பவர்கள் ஒரு கணக்கையும் போட்டுக்கொள்ள வேண்டும். 44,100 மாதிரி, 16 பிட், இரட்டைத் தடம் என்றால் நொடிக்கு 1,76,400 பைட்டுகள்; ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 மெகாபைட். சாதாரண வேவ் கோப்பு தன் அளவை 32 பிட் எண்ணில் குறித்துவைப்பதால் 4 ஜிகாபைட்டுக்கு மேல் வளர முடியாது. ஃபாட்32 முறையில் அமைத்த நினைவக அட்டையிலும் அதே எல்லைதான். ஆறே முக்கால் மணி நேரம் அளவில் அந்த எல்லை வந்துவிடும். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கிய கூத்தென்றால், அப்போது விடியற்காலை நான்கு மணி ஆகியிருக்காது, களரியில் (கூத்து ஆடுகளத்தில்) ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். நள்ளிரவைத் தாண்டி, ஒரு வரவு முடிந்து அடுத்த பாத்திரம் களரிக்கு வருமுன் கிடைக்கும் இடைவெளியில் பதிவை நிறுத்தி, கோப்பைச் சேமித்துவிட்டு, புதிதாக ஒன்றைத் தொடங்கிக்கொள்ளுங்கள்.